பாட்டைப் பறிகொடுத்த எள்ளல்

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள் நம் புதுச்சேரியில் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவர்தம் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர். தமிழகமெங்கும் கொட்டகை கொட்டகையாக அலைந்தவர். இறுதிக் காலத்தில் பக்கவாதத்தால் நாவசைக்க இயலாது போனவர். ஓரிரவில் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாட்டும் உரையுமாக எழுதி முடித்தாரென்று அவர் மாணவர் தி. க. சண்முகம் பதிவு செய்துள்ளார். அத்தகைய ஒருவர் பேச்சிழந்து கிடந்து இவ்வூர் மண்ணில் அடங்கினார் என்பது நாடகத் தமிழ் வரலாற்றின் துயரமான பக்கங்களுள் ஒன்று.

அவர் மறைந்த ஒன்பதாம் ஆண்டில், 1931 அக்டோபர் 31இல், முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' வெளிவந்தது. அதன்பின் நடந்ததை எல்லாரும் அறிவர். மேடையில் பாடியவர்கள் திரைக்குப் போனார்கள், மேடை ஓய்ந்தது. இதை 'நாடகத்தைச் சினிமா விழுங்கியது' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்வது நம் நூல்களில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அவ்வரியில் ஓர் ஐயம் உண்டு. விழுங்கப்படுகின்ற ஒன்று கூச்சலாவது இடும். எதிர்த்தோ எள்ளியோ ஏதேனும் சொல்லும். அரசனையும் எள்ளிய மேடை, துறவியையும் தாசியையும் தரகனையும் எள்ளிய மேடை, தன் பிள்ளைகளை வரிசையாக ஈர்த்துச் சென்ற திரைப்புகழைப் பாடிப் பழிக்கும் ஓர் இசை நாடகத்தை ஏன் படைக்கவில்லை? இக்கட்டுரை அந்த வினாவைப் பற்றியது. பாவலர்கள் கூடும் இம்மன்றத்தில் அதை எழுப்புவதற்குக் காரணமும் உண்டு. மேடை இழந்தது நடிகரை மட்டுமன்று. பாட்டையும், பாட்டெழுதுவோரையும் சேர்த்தே இழந்தது.

எள்ளும் ஆற்றல் இல்லாமலா?

நம் மேடைக்கு அங்கதம் வராது என்று கூறுவார் உளர். அது பிழை. புராணக் கதைகளே கோலோச்சிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே காசி விசுவநாத முதலியார் 'டம்பாச்சாரி விலாசம்' எழுதினார். பகட்டில் மயங்கிச் செல்வமனைத்தையும் ஒரு கணிகையின் பொருட்டு இழந்து தெருவுக்கு வரும் செல்வர் மகனின் கதை அது. விலாசம் என்னும் வடிவமே பாட்டால் நடப்பது. ஆகவே பகட்டின் விலையைப் பாட்டாகவே மேடையில் காட்டிய முன்னோடி நமக்கு உண்டு. அந்நாடகத்தின் பாதிப்பு எத்தகையதெனில், 'டம்பாச்சாரி' என்னும் பெயர் ஒரு பாத்திரத்தின் பெயராக நில்லாமல் வெற்றுப் பகட்டுக்காரன் எவனையும் சுட்டும் பொதுச்சொல்லாகவே தமிழில் தங்கிவிட்டது. (இன்றைய மாணவர் சொல்லை அறிவர், நாடகத்தை அறியார்.)

தெருக்கூத்தின் கட்டியங்காரனும் இசை நாடகத்தின் பபூனும் இவ்வாற்றலின் மற்றொரு முகம். அரசன் கொலுவில் அமர்ந்திருக்க அவன் முன்னிலையிலேயே ஊர் நடப்பைக் கேலி பேசும் உரிமை கட்டியங்காரனுக்கு உண்டு. பபூனோ நாடகம் தொடங்குமுன்பே தனியே வந்து பாடி ஆடி அவையைச் சிரிக்க வைப்பவன். இவர்கள் கூறுவன ஏட்டில் எழுதப்படுவன அல்ல. அன்றன்றைய நாளுக்கு உரியவை. பின்னாளில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 'நல்லதம்பி' (1949) படத்தில் நிகழ்த்திய 'கிந்தனார்' காலட்சேபத்தைக் கண்டவர்கள், நந்தனார் சரித்திரம் என்னும் பெரும் வடிவத்தையே எடுத்துக்கொண்டு அதைக் கல்வியின் மேன்மைக்குத் திருப்பிவிட்ட துணிச்சலை மறக்க மாட்டார்கள். கலைவாணர் பாய்ஸ் கம்பெனி மேடையில் வளர்ந்தவர். பாடி எள்ளும் கலை அவரிடம் மேடை தந்த சீதனம். ஆக, ஆற்றல் இருந்தது. எள்ளப்பட வேண்டிய பொருளும் கண்முன்னே இருந்தது. இரண்டும் சேரவில்லை.

அமெரிக்காவில் சேர்ந்தன. அங்குப் பேசும்படம் வந்த மூன்றே ஆண்டுகளில், 1930இல், ஜார்ஜ் காஃப்மனும் மாஸ் ஹார்ட்டும் எழுதிய 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' நியூயார்க் மேடையில் ஏறியது. பேசும்படக் காய்ச்சலில் ஹாலிவுட்டுக்குக் கிளம்பிப்போகும் சில்லறை மேடைக் கலைஞர் மூவரைப் பற்றிய நகைச்சுவை நாடகம் அது. அதற்கும் முன்னரே, மௌனப்பட நாளிலேயே, நடிகனாகத் துடிக்கும் சிற்றூர்க் கடைப் பையனைப் பற்றிய 'மெர்ட்டன் ஆஃப் தி மூவீஸ்' 1922இல் அங்கு மேடையேறிற்று. சுவாமிகள் இங்கே மறைந்த அதே ஆண்டு! நெடுநாள் கழித்து 1989இல் 'சிட்டி ஆஃப் ஏஞ்சல்ஸ்', 1993இல் 'சன்செட் பூலவார்ட்' என்று முழு இசை நாடகங்களாகவே இப்பொருள் வளர்ந்தது. பிராட்வே மேடைக்கு அதற்கென்று தனிப் பணமும் தனிப் பாட்டும் தனி அவையும் இருந்தன. நடிகர் போனாலும் பாட்டு அங்கே நின்றது. ஆகவே ஹாலிவுட்டை நோக்கிச் சற்றே திமிரோடு சிரிக்க முடிந்தது.

குடிபோகும் வீட்டை யார் ஏசுவார்?

நம் நிலை வேறு. இங்கே திரைப்படம் அயலானாக வந்து மேடையோடு போட்டியிடவில்லை. மேடையே கூடாரத்தைப் பெயர்த்துக்கொண்டு திரைக்குள் குடிபுகுந்தது. 'காளிதாஸ்' நாயகி டி.பி. ராஜலட்சுமி மேடையிலிருந்து வந்தவர். சுவாமிகளின் 'பவளக்கொடி' மேடையில் புகழ் பெற்றிருந்தது. அதில் நடித்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் 1934இல் அதே கதையின் படத்துக்கும் நாயகன் நாயகி ஆனார்கள். பாட்டுகளும் ஐம்பதளவில் உடன் போயின. சுவாமிகளிடம் பயின்ற டி.கே.எஸ். சகோதரர்கள் 1935இல் வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவலான 'மேனகா'வைப் படமாக்கத் தம் குழுவோடு போனார்கள். கதையும் நடிகரும் மெட்டும் ஒப்பனையும் ஒன்றே. மாறியது இடம் ஒன்றுதான். நாளை தான் குடிபோகவிருக்கும் வீட்டை இன்று வாசலில் நின்று எவரும் ஏசுவதில்லை.

பணத்தையும் மறைக்க வேண்டியதில்லை. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் இருபத்தேழு வயதில் மறைந்தார். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டிய குரல் அது. திரைப்படத்தில் அக்குரல் பதியவே இல்லை. அவர் மறைவுக்குப்பின் ஒதுங்கி வாழ்ந்த கே.பி. சுந்தராம்பாளை 1935இல் 'நந்தனார்' படத்துக்கு அழைத்தபோது அவர்க்கு வழங்கப்பட்ட ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். இத்தொகையின் கனத்தை உணர, நாடகக் கம்பெனிகளில் சிறுவர்கள் சோற்றுக்கும் துணிக்குமாக உழைத்த காலம் அது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அப்படத்தைப் பற்றி 'ஆனந்த விகட'னில் கல்கி எழுதிய கேலியான மதிப்புரையை மூத்த வாசகர் நினைவுகூர்வர். கவனிக்க: எள்ளல் பிறந்தது, ஆனால் பத்திரிகை உரைநடையில் பிறந்தது. மேடையிலன்று.

தொழில்நுட்பம் செய்த வேலை இன்னும் ஆழமானது. சுவாமிகளின் நாடகத்தில் நடிகன் என்றாலே பாடகன்தான். ஐந்து கட்டைச் சுருதியில் நின்று பாட வல்ல தொண்டை இல்லாதவனுக்கு அங்கே இராஜபார்ட் இல்லை. தொடக்கப் பேசும்படங்களிலும் நடிப்போரே பாடினர். 1938இல் 'நந்தகுமார்' படத்தில் ஒருவர் நடிக்க மற்றொருவர் குரல் கொடுக்கும் முறை தமிழுக்கு வந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் அது பரவிப் பொதுவிதி ஆயிற்று. முகம் ஒருவருக்கு, குரல் ஒருவருக்கு, சொல் இன்னொருவருக்கு என்று மூன்றாகப் பிரிந்தது. மேடைக்கு மீண்டும் பாட்டோடு திரும்ப எண்ணினாலும் பாடத் தெரிந்த நடிகன் இல்லாத நிலை இதனால் வந்தது. இது கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்ந்த இழப்பு. ஒரு கொட்டகை மூடப்படுவதைவிடப் பெரியது.

திரைப்புகழின் விலை என்ன என்பதற்கு அக்காலத்தில் எடுத்துக்காட்டுக்குக் குறைவில்லை. 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னையில் மூன்று தீபாவளி கண்டது. அதே ஆண்டின் இறுதியில் அதன் நாயகராகிய பாகவதர், திரைக் கிசுகிசு எழுதிவந்த இலட்சுமிகாந்தனின் கொலை வழக்கில் கலைவாணரோடு சேர்த்துக் கைது செய்யப்பட்டார். 1947இல் இருவரும் விடுதலை பெற்றனர். கலைவாணர் மீண்டும் எழுந்தார். பாகவதர் எழவில்லை, 1959இல், ஐம்பது வயது நிறையுமுன் மறைந்தார். ஓர் இசை நாடகத்துக்கு வேண்டிய கதை முழுவதும் இதில் இருக்கிறது. எழுதத்தான் எவரும் இல்லை.

சுவாமிகளைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். இளமையில் அவரும் நடிகர்; எமன், சனீசுவரன் போன்ற கொடிய வேடங்களில் பெயர் பெற்றவர். சனீசுவரன் வேடத்தில் அவரைக் கண்டு அஞ்சிய ஒரு சூலிப் பெண்ணுக்குத் தீங்கு நேர, அன்றோடு வேடம் கட்டுவதை விட்டு ஆசிரியராக மட்டும் அமைந்தாராம். செய்தி எவ்வளவு உண்மையோ, அதை மதித்துப் போற்றி வந்தது நாடக உலகம். புகழுக்குக் கொடுக்கும் விலையை மற்றொருவர் தலையில் சுமத்தலாகாது என்னும் எண்ணம் அம்மரபுக்குள் இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

சுந்தரம் வந்தான், பாட்டில்லாமல்

மேடை கடைசியில் வாய் திறந்தது 1960களின் தொடக்கத்தில். திறந்தவர் சென்னைக் கணக்காயர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கே. பாலசந்தர். அவருடைய ராகினி ரிக்ரியேஷன்ஸ் குழுவினர் சபா மேடைகளில் நிகழ்த்திய 'சர்வர் சுந்தரம்' நாடகந்தான் திரைப்புகழைத் துரத்துவதும் அதன் விலையும் என்னும் பொருளை நம் மேடையில் நேருக்கு நேர் எடுத்துக்கொண்ட படைப்பு. நாகேஷை மனத்தில் வைத்து எழுதியது. உணவு விடுதியில் பரிமாறும் சுந்தரத்துக்குத் தாயைத் தவிர யாருமில்லை. அழகும் இல்லை, பணமும் இல்லை. பிறரைச் சிரிக்க வைக்கும் வித்தை மட்டும் உண்டு. விடுதி முதலாளியின் மகள் இனிமையாகப் பேசுவதைக் காதல் என்று எண்ணிக்கொள்கிறான். நண்பன் உதவியால் திரையில் நுழைகிறான்; பெரும் நடிகன் ஆகிறான். அவள் விரும்பியது அந்த நண்பனை என்று பிறகு தெரிகிறது. தாய் உயிருக்குப் போராடும் வேளையில் படப்பிடிப்பை விட்டு அவனால் அகல முடியவில்லை. எல்லாம் பெற்ற பிறகு, மீண்டும் பரிமாறும் வேலைக்கே திரும்புகிறான்.

இக்கதையின் நுட்பம், எள்ளலுக்குரியவன் யார் என்பதில் உள்ளது. டம்பாச்சாரி தன் பகட்டால் அழிந்தான். அவனைப் பார்த்துச் சிரிப்பது எளிது. சுந்தரத்திடம் பகட்டு இல்லை. அவன் அழகற்றவன் என்பதால் சிரித்த அவை, அதே முகம் சுவரொட்டியில் வந்தவுடன் கைதட்டுகிறது. எள்ளப்படுபவன் சுந்தரம் அல்லன். அரங்கில் அமர்ந்திருக்கும் நாம். அழும்போதும் அவன் கோமாளியாகவே தோன்றுமாறு அமைத்தது, கட்டியங்காரனை நாயகனாக்கிப் பார்த்ததற்கு ஒப்பாகும். இதைப் பாலசந்தரின் மிகச்சிறந்த நாடகம் என்று நான் சொல்லத் துணிவேன். 'மேஜர் சந்திரகாந்த்' அன்பர்கள் பொறுத்தருள்க.

ஆயினும் இது உரைநடை நாடகம். மாலையில் அலுவலகம் விட்டு வந்து நடித்தவர்களின் நாடகம். சபா மேடையில் ஆர்மோனியப் பெட்டிக்கு இடமில்லை. நடிகர் வாயில் சுருதி இல்லை. நாடகத்துக்குப் பாட்டெழுதும் புலவரும் இல்லை. அவர்களெல்லாம் போய் முப்பதாண்டுகள் ஆகியிருந்தன. திரையைப் பற்றிய எள்ளல் மேடைக்கு வந்து சேர்ந்த நாளில், பாட்டு திரையின் உடைமை ஆகியிருந்தது.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் கூர்மையானது. அந்நாடகத்தை ஏவி.எம். நிறுவனம் வாங்க, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் 1964 டிசம்பரில் 'சர்வர் சுந்தரம்' படமாக வந்தது. இப்போது அதில் பாட்டுகள் இருந்தன! அவற்றுள் ஒன்று, ஒரு திரைப்பாட்டு எவ்வாறு பதிவாகிறது என்பதையே காட்டும் காட்சி. எம்.எஸ். விசுவநாதன் இசைக்குழுவை நடத்துகிறார், டி.எம். சௌந்தரராஜன் ஒலிவாங்கியின் முன் நின்று பாடுகிறார். பிறகு அக்குரலுக்கு நாகேஷ் வாயசைத்து ஆடுகிறார். வாலி எழுதிய பாட்டு. முகம் வேறு, குரல் வேறு, சொல் வேறு என்று மேலே கூறிய பிரிவினையை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வு நூலும் காட்டியதில்லை. திரை தன் கமுக்கத்தைத் தானே திறந்து காட்டிச் சிரிக்கிறது. அதற்கும் நுழைவுச்சீட்டு விற்கிறது. அதே ஆண்டுத் தொடக்கத்தில் வந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' செல்லப்பாவாக, தந்தை பணத்தில் படமெடுக்கத் துடிக்கும் பிள்ளையாக வந்தவரும் நாகேஷ்தான். அவர் சொல்லும் கதையைக் கேட்டு நடுங்கும் தந்தையாக வந்த டி.எஸ். பாலையா பழைய நாடக மேடை தந்த நடிகர். மேடை எழுதாமல் விட்ட 'திரைப்புகழ் அங்கத இசை நாடகம்' எங்கே என்று தேடினால், அது 1964இன் இவ்விரு படங்களுக்குள் கிடக்கிறது.

எள்ளியவரும் அங்கே தங்கிவிட்டார். அதே 1964இல் 'தெய்வத்தாய்' படத்துக்கு உரையாடல் எழுதிய பாலசந்தர், மறு ஆண்டு தம் 'நீர்க்குமிழி' நாடகத்தைத் தாமே இயக்கிப் படமாக்கினார். பின்னர் எத்தனையோ புதுமுகங்களை நட்சத்திரமாக்கிய கை அவருடையது. 2014இல் அவர் மறைந்தபோது வந்த இரங்கல்கள் பெரிதும் இயக்குநரைப் பற்றியவை. நாடகாசிரியரைப் பற்றி ஓரிரு வரிகளே.

பெருமாள் கோயில் தெருவிலிருந்து

1964 என்னும் ஆண்டைப் புதுச்சேரியில் இருந்து பார்க்கும் நமக்கு வேறொரு நாள் முன்னே வந்து நிற்கிறது. ஏப்ரல் 21. புரட்சிக்கவிஞர் பாரதிதாசன் சென்னையில் மறைந்த நாள்.

பாவேந்தர்க்கும் திரைக்கும் இருந்த உறவை நம் கவிஞர்கள் பேசுவது குறைவு. பேசக் கூசுகிறோம் என்றே தோன்றுகிறது. 1937இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பாலாமணி அல்லது பக்காத் திருடன்' தொடங்கி, 'ஸ்ரீ ராமானுஜர்' (1938), நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை நடித்த 'கவி காளமேகம்' (1940) எனத் தொடர்ந்து அவர் திரைக்கு எழுதினார். அவருடைய 'எதிர்பாராத முத்தம்' 1950இல் 'பொன்முடி' ஆயிற்று. 1952இல் மாடர்ன் தியேட்டர்ஸாரின் 'வளையாபதி'க்கு உரையாடல் எழுதினார். முதல் படம் யாருடையது என்பதை நோக்குக: கருவடிக்குப்பத்தில் துயிலும் ஆசிரியரின் மாணவர்களே இவ்வூர்க் கவிஞரைத் திரைக்கு அழைத்துச் சென்றனர். மேடையில் கோலூன்றியவர்கள் திரைக்குப் போன அதே பாதையில் பாவலரும் போனார்.

மேடை அவர்க்கு அயலன்று. 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' 1934இல் பெரியார் தலைமையில் சென்னையில் அரங்கேறியது. மேடையில் அவர் சொல் அவர்க்கே உரியதாய் இருந்தது. எதிர்ப்பும் அவர்க்கே, கைதட்டலும் அவர்க்கே. திரையில் ஒரு கவிஞனின் சொல், முதலாளி, இயக்குநர், இசையமைப்பாளர், நடிகர் எல்லாரும் கைவைத்த பின்னரே வெளியே வரும். தம் சொல்லில் ஓரெழுத்தும் மாற்றப் பொறாத இயல்பினர் எத்தனை நாள் அதைத் தாங்கியிருப்பார் என்பதை அவர் கவிதை படித்த எவரும் உணரலாம்.

இருந்தும் அந்த ஈர்ப்பு விடவில்லை. தம் 'பாண்டியன் பரிசு' காப்பியத்தைத் தாமே படமாக்க வேண்டுமென்று எழுபதை எட்டிய அகவையில் புதுச்சேரியை விட்டுச் சென்னையில் குடியேறினார். ஆடம்பரத்துக்காக அன்று. பிறர் கைபடாமல் தன் காப்பியம் ஒருமுறையேனும் மக்கள் கண்முன் வரவேண்டும் என்னும் அவா அது. சுந்தரத்தின் ஆசையைப் போன்றே பழிக்க முடியாதது. படம் உருப்பெறவில்லை. பொருளும் உடல்நலமும் நாள்களும் அதில் கரைந்தன. அவர் உடலே இவ்வூர்க்குத் திரும்பி வந்தது. பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

அவருடைய நாடகநூலாகிய 'பிசிராந்தையார்' அவர் மறைந்த பிறகே, 1969இல், சாகித்திய அகாதெமிப் பரிசைப் பெற்றது. சோழனைக் காணாமலே நட்புக் கொண்டு, அவன் வடக்கிருந்த இடத்துக்கு நடந்தே போய் உடன் உயிர்விட்ட புலவனின் கதை அது. மேடையேற்ற வேண்டுமென்றால் அதற்கு ஒரு கொட்டகையும், சில நல்ல தொண்டைகளும், ஓர் ஆர்மோனியமும் போதும்.